குளிர்காலம் முழுக்க நின்ற பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பைக்கின் உறையை உருவியதும் கட்டைவிரல் தானாக செல்ஃப் பட்டனைத் தேடிப் போகும். ஒரு அரை மணி நேரம் அந்த விரலைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில், குளிர்காலம் முடிந்து எடுக்கும் வண்டிகளில் பெரிய செலவு வைக்கும் சேதம் நின்ற மாதங்களில் வருவது குறைவு. எடுக்கிற நாளில், ஸ்டார்ட் ஆகாத வண்டியின் பட்டனை விடாமல் அமுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது. ஏற்கெனவே சோர்ந்திருந்த பேட்டரி முழுதாகப் படுத்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும். பிளக் பெட்ரோலில் ஊறிவிடும். அதன் பிறகு, முதலில் இருந்த கோளாறு எது, நாமே உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

இன்ஜின் உயிர்பெற நான்கு காரியம் நடக்க வேண்டும். பேட்டரியோ கிக்கரோ இன்ஜினைச் சுற்ற வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்து உள்ளே போக வேண்டும். பிளக்கில் பொறி வர வேண்டும். கலவையை நெருக்கும் அளவுக்குக் கம்ப்ரஷன் இருக்க வேண்டும். நின்ற வண்டியில் முதல் சந்தேகம் பேட்டரி மேல், இரண்டாவது பெட்ரோல் மேல். பிளக்கும் சுவிட்சும் அதற்கு அடுத்து. கம்ப்ரஷன் போவது அரிது. நாமும் அதே வரிசையில் போவோம்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், பேட்டரி சார்ஜர், டார்ச், பெட்ரோல் பிடித்துப் பார்க்க ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டில், ஒரு புது ஸ்பார்க் பிளக். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி வந்து வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் ஆவி ஒரு பக்கம், ஸ்டார்ட் ஆனபின் வரும் கார்பன் மோனாக்சைடு மறு பக்கம். மூடிய அறையில் இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

சாவி போடுவதற்கு முன்

வண்டியை நேராக நிமிர்த்தி, இன்ஜின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருக்கிறதா என்பதை விட, கூடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம். கார்புரேட்டர் வண்டியில், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்காமல், பெட்ரோல் டேப்பும் திறந்தே கிடந்தால், டேங்கில் உள்ள பெட்ரோல் மெல்ல மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். அங்கிருந்து பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் கலக்கும். ஒருமுறை என் வண்டியில் ஆயில் மட்டம் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. மூடியைத் திறந்து முகர்ந்தால் ஆயில் வாசனையே இல்லை, பெட்ரோல்தான் அடித்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றியிருக்காது. சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி நின்றால் நிலைமை இன்னும் மோசம். திரவத்தை நெருக்க முடியாது. பட்டனை அமுக்கிய வேகத்தில் கனெக்டிங் ராடு வளையக்கூடும். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் வேறு எதையும் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றி சிலிண்டரைக் காலி செய்யுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், ஃப்ளோட் ஊசியைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். குளிருக்கு ஒதுங்கும் எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. பஞ்சு, காகிதத் துண்டு, காய்ந்த இலை என்று உள்ளே கூடு இருக்கலாம். சைலன்சர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எலி வந்த தடயம் தெரிந்தால் சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்; கடிபட்ட ஒரு வயருக்காக நாள் முழுக்க வேறெங்கோ தேடியவர்கள் உண்டு.

சுவிட்சுகள்

இதற்கு ஒரு நிமிடம் போதும். இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா, நியூட்ரல் விளக்கு எரிகிறதா, சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் கிளட்ச் லீவரைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் தரைக்கு அருகில் இருப்பதால் சேறும் துருவும் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டை நாலைந்து முறை இறக்கி ஏற்றினாலே சில சமயம் சரியாகிவிடும். கில் சுவிட்சையும் அதேபோல் பத்து முறை முன்னும் பின்னும் தட்டுங்கள். உள்ளே தொடுமுனைகளில் படிந்த படலம் உரசிப் போகும். சாவியில் சிப் உள்ள வண்டியானால், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசரின் விளக்கு அணைகிறதா என்றும் கவனியுங்கள்.

ஒரே ஒரு முறை அமுக்கி, சத்தத்தைக் கேளுங்கள்

இப்போது பட்டனை இரண்டு விநாடி மட்டும் அமுக்குங்கள். வண்டி தன் நோயைச் சத்தத்தில் சொல்லிவிடும்.

மீட்டரில் விளக்கே எரியவில்லை, எந்தச் சத்தமும் இல்லை என்றால் பேட்டரி முழுக்கக் காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது மெயின் ஃப்யூஸ் போயிருக்கிறது. மெயின் ஃப்யூஸ் பெரும்பாலும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்டார்ட்டர் ரிலேக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

விளக்கு எரிகிறது, ஆனால் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டுகிறது என்றால் அது பேட்டரி பலவீனம். ரிலே இழுக்கும், மின்னழுத்தம் சரியும், ரிலே விடும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்தத் தட்டல். மாறாக, 'டக்' என்று ஒரே ஒரு அழுத்தமான சத்தம் வந்து நின்றால், முதலில் டெர்மினலைப் பாருங்கள். அதுவும் பேட்டரியும் நன்றாக இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒட்டியிருக்கலாம், ரிலேயின் தொடுமுனை தீய்ந்திருக்கலாம், இன்ஜினே இறுகியிருக்கவும் கூடும்.

இன்ஜின் சோம்பலாகச் சுற்றினாலும் பேட்டரிதான். நன்றாக, வழக்கமான வேகத்தில் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு நேராகப் பெட்ரோலுக்குப் போங்கள். வழக்கத்தைவிட இலேசாக, பிடிப்பே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் கம்ப்ரஷன் சந்தேகம்.

பேட்டரி

சாவி அணைத்திருக்கும்போது மல்டிமீட்டரை இரண்டு டெர்மினலிலும் வையுங்கள். வழக்கமான லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் போட வேண்டும். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. 12 வோல்ட் பேட்டரியில் 12 இருக்கிறதே, போதாதா என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஓய்வில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரை வைத்தபடியே ஒரு முறை செல்ஃப் அடியுங்கள். நல்ல பேட்டரி இன்ஜினைச் சுற்றும்போதும் 10 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 12.6-ல் இருந்தது சட்டென 8, 7 என்று விழுந்தால் அந்த பேட்டரிக்குள் பலம் இல்லை. நீண்ட நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். மீட்டரில் வோல்ட் தெரியும், வேலைக்கு ஆகாது.

சார்ஜ் போடுவதில் அவசரம் கூடாது. பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பாதுகாப்பான கணக்கு. 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.8 ஆம்பியர். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை இதில் மாட்டினால் பேட்டரி கொதிக்கும். உறைபனியில் கிடந்து உள்ளே உறைந்துபோன பேட்டரி என்றால், அதாவது பக்கவாட்டில் உப்பியோ வெடித்தோ இருந்தால், சார்ஜே போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. காலியான பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அது உறையும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் பிரஷை நனைத்துத் தேய்த்துத் துடையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்க இந்த வரிசை.

லித்தியம் பேட்டரிக்குக் கணக்கு வேறு. அது முழு சார்ஜில் 13.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். குளிரில் முதல் தடவை மந்தமாகச் சுற்றும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டால் உள்ளே கொஞ்சம் சூடேறி அடுத்த தடவை பலம் வரும். சார்ஜர் அதற்கென்று உள்ளதாகவே இருக்க வேண்டும்.

காரிலிருந்து கேபிள் போட்டு எடுப்பதானால் கார் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். சிவப்பைப் பாசிட்டிவில் மாட்டிவிட்டு, கறுப்பைக் கடைசியாக பைக் இன்ஜினின் வெற்று உலோகத்தில் கடியுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது கார்புரேட்டர் வண்டிக்கு உதவலாம். எஃப்.ஐ. வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், பேட்டரி முழுக்கக் காலி என்றால் பெட்ரோல் பம்பும் ஓடாது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வும் விழிக்காது, மூச்சு வாங்கத் தள்ளியும் பயனில்லை.

பெட்ரோல்: பொறுமை தேவைப்படும் இடம்

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல சேர்மங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினில் முதலில் தீப்பிடித்து வண்டியைத் தூக்கிவிடும். நிறுத்தி வைத்த மாதங்களில் முதலில் பறந்து போவதும் அதே பகுதிதான். மிச்சம் இருப்பது, ஓடுகிற சூடான இன்ஜினில் எப்படியோ எரியும். குளிர்ந்த இன்ஜினை எழுப்பாது. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி அசையாததற்கு இதுவே காரணம். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் குழாயோ பம்போ உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான்.

ஆகவே கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிகிறதா, நிறம் கருத்திருக்கிறதா, வார்னிஷ் போலப் புளித்த நெடி அடிக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பழையதன் மேல் கொஞ்சம் புதியதை ஊற்றிச் சமாளிப்பது அடியில் நிற்கும் தண்ணீரை அகற்றாது.

கார்புரேட்டர் வண்டி

கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் சிறிய வடிகால் திருகு இருக்கும். அதன் குழாயைப் பாட்டிலில் விட்டு, திருகைத் தளர்த்துங்கள். டேங்கில் நல்ல பெட்ரோல் இருந்தாலும் இந்தக் கிண்ணத்தில் இருப்பது பழசுதான். அளவு கொஞ்சம் என்பதால் சீக்கிரம் கெடுவதும் இதுவே. வடித்துவிட்டு, திருகை மூடி, டேப்பைத் திறந்து புதுப் பெட்ரோல் இறங்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள். வாக்குவம் டேப் உள்ள வண்டியில் இன்ஜின் சுற்றினால்தான் பெட்ரோல் இறங்கும். அதில், இன்ஜின் சுற்றாமலே பெட்ரோலை இறக்கும் பிரைம் நிலை இருந்தால் அதற்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் ஆனதும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வடிகாலைத் திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் டேப் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஃப்ளோட் ஊசி மூடிய நிலையிலேயே ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை இலேசாகத் தட்டினால் ஊசி விடுபடுவதுண்டு.

இப்போது, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலான கலவை தரும் சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடியுங்கள். சோக் போட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் பல கார்புரேட்டர்களில் சோக்கின் வேலையே கெட்டுப்போகும். ஒரு தடவைக்கு ஐந்து விநாடி, நடுவே பத்து விநாடிக்குக் குறையாமல் ஓய்வு. நாலைந்து தடவைக்கு மேல் வேண்டாம்.

சோக்கில் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைகிறது என்றால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்: மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட் அடைப்பு. அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆவியான பெட்ரோல் விட்டுச்சென்ற பிசின் ஒரு துளி போதும் அதை மூட. டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவங்கள் பாதி அடைப்பை இளக்கக்கூடும். முழு அடைப்பில் திரவமே நுழையாது. கார்புரேட்டரை இறக்கித்தான் ஆகவேண்டும். ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியோ எஃகுக் கம்பியோ விடாதீர்கள். ஜெட் பித்தளை, துளை ஒரு மயிரிழை விரிந்தாலும் கலவை மாறிவிடும். கலவையின் அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று போனது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது அந்த எண்தான் உங்களுக்குத் துணை. ரப்பர் பாகங்களில் கிளீனர் படக்கூடாது, ஊதிப் பெருத்துவிடும்.

எஃப்.ஐ. வண்டி

சாவியைத் திருப்பி, கில் சுவிட்சை ஓடும் நிலையில் வைத்து, டேங்கின் பக்கம் காதை வையுங்கள். இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரி என்றால் பழைய பெட்ரோலின் பிசினில் பம்ப் இறுகியிருக்கலாம். சத்தம் கேட்கிறது என்றால் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை நாலைந்து முறை போட்டு அணையுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடி, குழாயில் அழுத்தம் ஏறும். இன்ஜின் விளக்கு அணையாமல் நின்றாலோ கணக்கு வைத்து மினுங்கினாலோ அது பிழைக் குறியீடு. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பொருள் இருக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் எஃப்.ஐ. வண்டி இன்ஜினைச் சுற்றும், ஆனால் தீப்பிடிக்காது. அதனால்தான் முதலிலேயே செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பார்க்கச் சொன்னேன்.

பிளக்

நாலைந்து முறை செல்ஃப் அடித்த பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுத்து எங்கே போவது என்று தெரிந்துவிடும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டர் வரை வரவில்லை. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது ஓவர்ஃப்ளோ ஆகி, சிலிண்டரில் பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது.

பொறியைச் சோதிக்க, பழைய பிளக்கைத் துளையிலேயே மாட்டி வைத்துவிட்டு, புது பிளக்கை கேப்பில் செருகி, அதன் உலோக உடலை சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தோடு நன்றாக ஒட்டிப் பிடியுங்கள். துளை மூடியிருப்பதால் வெளிவரும் பெட்ரோல் ஆவியில் தீப்பிடிக்கும் ஆபத்து குறைகிறது. பிளக்கை வெறும் கையால் பிடிக்க வேண்டாம், ரப்பர் பிடியுள்ள குறடு வேண்டும். பிளக் உடல் உலோகத்தைத் தொடாமல் செல்ஃப் அடித்தால் இக்னிஷன் யூனிட் கெடக்கூடும். நீலமாக, சடசடவென வரும் பொறி நல்லது. ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து வந்தால் பலவீனம். பொறியே இல்லை என்றால் பிளக் கேப்பில் பச்சை பூத்திருக்கிறதா, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

ஓவர்ஃப்ளோ ஆகியிருந்தால் சோக்கை அணைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகியபடி ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். நிறையக் காற்று புகுந்து சிலிண்டர் காயும். எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றில் இப்படித் திருகும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். புது பிளக்கை மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். கையில் போகவில்லை என்றால் மரை மாறியிருக்கிறது. ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினிய ஹெட்டின் மரை அறுந்துவிடும்.

கம்ப்ரஷன்

ஈரத்தில் நின்ற வண்டியில் வால்வு சரியாக உட்காராமல் போகலாம், சிலிண்டர் சுவரில் ஆயில் வடிந்து ரிங் காய்ந்திருக்கலாம். பிளக் துளையில் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். டாப் கியர் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் உருட்டி இன்ஜினைச் சுற்றுங்கள்; துளையின் மேல் ஒரு துணி கிடக்கட்டும். சக்கரம் நகரவே இல்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. துரு இளக்கும் ஆயில் விட்டு ஓரிரு நாள் வைத்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். செல்ஃப் மோட்டாரால் உடைத்து எடுக்க முயலவே கூடாது. இதற்கும் இளகாவிட்டால் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சரி.

ஸ்டார்ட் ஆனதும்

முறுக்காதீர்கள். ஆயில் விளக்கு சில விநாடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். சிலிண்டரில் ஆயில் விட்டிருந்தால் முதலில் புகை தள்ளும், கொஞ்ச நேரத்தில் தெளியும். சில நிமிடம் ஓடி அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இன்ஜின் ஓரளவு வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது.

நியூட்ரலில் ஓடும் வண்டியை சட்டெனக் கியரில் போட வேண்டாம். நீண்ட நாள் நின்றதில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், லீவரைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் பாயும். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சுலபமாக உருண்டால் தட்டுகள் பிரிந்துவிட்டன. பிரேக், டயர் காற்று, பெட்ரோல் குழாயில் கசிவு, செயின் இவற்றைப் பார்த்தபின் சாலைக்கு எடுத்து, அரை மணி நேரமாவது நிதானமாக ஓட்டுங்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்கை நிரப்பி, பெட்ரோல் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் வரை போகும்படி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் அதன்பின் டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்து அவ்வப்போது சார்ஜ் போடுங்கள், அல்லது சார்ஜ் இறங்காமல் தானே பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரில் மாட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கும், செல்ஃபுக்குச் செலவான சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது. பெட்ரோல் நிரப்பிய தேதி, பேட்டரியின் வோல்ட், ஆயில் மட்டம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிடுங்கள். உறையை மறுபடி உருவும் நாளில் கட்டைவிரலுக்கு முன்னால் கண் அந்தச் சீட்டில் விழும்.